டோகோவில் ஒரு கோடு, கொடிகாமத்தில் ஒரு கோடு

மச்சான்,

இன்று காலை கனடாவிலிருந்து தம்பி ஊரிலுள்ள எங்கள் கொடிகாமத்துக் காணியின் படத்தை போனுக்கு அனுப்பியிருந்தான். வானத்திலிருந்து எடுத்த படம். தென்னைகள், அக்கா தனியே இருக்கிற வீட்டின் தகரக்கூரை, குறுக்கே அடிமட்டம் வைத்து இழுத்த மூன்று சிவப்புக் கோடுகள். பார்த்தவுடன் நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். செத்து ஒரு வருசமாகப் போகிறது, இன்னும் மனுசனை நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்க விடுகிறாயில்லை.

இங்கே புக்கெகோஹி ஊரில் வெங்காயம் தரம் பிரிக்கிற பெல்ட்டுக்கு முன்னால் ஆறு வருசம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். ஏஜென்சிக்காரனை நம்பி ஐரோப்பாவுக்கு வெளிக்கிட்டு, டோகோவில் எட்டு மாதம் மாட்டுப்பட்டவன் நீ. "ஆப்பிரிக்க மாப்பிள்ளை" என்றுதான் உன்னைக் கூப்பிடுவேன்.

"அங்கை என்னை வாடகைக்கு வைச்சிருந்த வீட்டுக்காரம்மாவின்ரை அக்கா அடுத்த ஒழுங்கையிலைதான் மச்சான் இருந்தவ. ஆனா அது கானா. அவவைப் பாக்கப் பொலிசுக்குக் கடுதாசி காட்டவேணும்" என்றாய் ஒருநாள்.

"ஏன், சகோதரியளுக்குள்ளை சண்டையோ?"

"விசரா, போட்டி வெள்ளைக்காரனுக்குள்ளை. பெர்லினிலை மேசையைச் சுத்தி இருந்து கண்டத்தையே பங்கு போட்டவங்கள். இந்த இடத்தை முதல்லை ஜெர்மன்காரன் பிடிச்சான். அவன் முதலாம் உலகப்போரிலை தோக்க, இங்கிலீசுக்காரனும் பிரெஞ்சுக்காரனும் ரெண்டாக் கிழிச்சாங்கள். ஒரே பாசை கதைச்ச சனம். இப்ப தங்கச்சியின்ரை பிள்ளை பிரெஞ்சு படிக்குது, அக்காவின்ரை பிள்ளை இங்கிலீசு படிக்குது."

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். "மேசையிலை கதைச்சு முடிச்சவங்கள்தானே, நல்ல பிள்ளையள்" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. அழுகின வெங்காயமொன்றை வாளிக்குள் எறிந்தாய். "தங்களுக்குள்ளை நல்ல பிள்ளையள்தான். அங்கை இருந்த ஒருத்தரையும் கூப்பிடேல்லை."

போன ஞாயிறு நாங்களும் ஒரு மேசை போட்டோம். லண்டனில் பெரியண்ணர், கனடாவில் தம்பி, இங்கே தகனினியில் நான். போனில் முகம் பார்த்துக் கால் மணித்தியாலத்தில் முடித்துவிட்டோம். வீட்டுத்துண்டு அக்காவுக்கு, மிச்சம் எங்கள் மூவருக்கும். ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. "ஐ.நா. சபை தோத்துப்போகும்" என்று பகிடி விட்டதும் நான்தான். நாளைக்கு உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போய் நான் கையெழுத்து வைத்தால் சரி. தம்பி தன் துண்டை விற்பான், வாங்குகிறவன் மதில் கட்டுவான்.

இன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கராஜைக் கூட்டினேன். கூட்டின கராஜைத் திரும்பவும் கூட்டினேன். "என்னப்பா, மூலவியாதிக்காரர் மாதிரி இருக்கமாட்டாமல் நடக்கிறியள்?" என்றாள் மனுசி. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிணற்றைக் காணவில்லை, மாமரம் மூடியிருந்தது. கிணற்றுப் பங்கு எழுதாமல் எங்கள் ஊரில் ஒரு பரப்புக் காணியும் கைமாறாது. அதை மூன்று பேருமே மறந்திருந்தோம்.

பின்னேரம் அக்காவுக்கு எடுத்தேன்.

"அக்கா, கிணறு கோட்டுக்கு எந்தப் பக்கம் வரும்?"

"என்ன கோடு, தம்பி?"

பெரியண்ணர் சொல்லியிருப்பார் என்று நான், நான் சொல்லியிருப்பேன் என்று தம்பி. ஒருவரும் சொல்லவில்லை. ஆறு வருசம் உன்னை நக்கலடித்த வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அது சின்னவன்ரை துண்டுக்குள்ளை போகுது. நான் எங்கை தண்ணி அள்ளுறது?"

தம்பிக்கு எடுத்து, அக்கா இல்லாமல் இனி ஒரு கையெழுத்தும் இல்லை என்றேன். "முடிஞ்ச விசயத்தை ஏனண்ணை கிளறுறியள்?" என்று கத்தினான். சனிக்கிழமை நாலு பேராகக் கதைக்கலாம் என்றிருக்கிறேன். அவன் வருவானோ தெரியாது. நான் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன்.

முந்தியென்றால் ஒரு பகிடியோடு எழும்பிப் போயிருப்பேன். இப்போது யாராவது சண்டையில்லாமல் முடிந்தது என்று சொன்னாலே, ஆரை விட்டுப்போட்டாங்கள் என்று மனம் ஆள் தேடத் தொடங்குகிறது. உன்னிடமிருந்து தொற்றின வியாதி, மச்சான். இது சுகமாகிவிடக் கூடாது.