இறாலுக்கு ஈடாக மாத்திரை

செவ்வாய், இரவு

ஸ்டெல்லா மூன்று வாரமாக மாத்திரை விழுங்கவில்லை. அத்தனையும் தலையணை உறைக்குள் கிடந்தன. உடம்பில் செம்பு தங்கி ஈரலைக் கெடுக்கும் நோய் அவளுக்கு. நானும் அவள் அம்மாவும் ரத்தத்தில் சேர்த்துக் கொடுத்த சீதனம். கை நடுக்கம் திரும்பிவிட்டது. காசிமேடு மீன் மார்க்கெட்டில் இறாலைத் தொட்டதும் பழசு என்று சொல்லிவிடுவேன். பெற்ற மகளின் கையைப் பார்க்கத் தெரியவில்லை.

கத்தினேன். அவள் அழவில்லை.

"எறாவுல செம்பு கீது, எனக்கு ஆவாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாரு. நீ டெய்லி என் எதுருலயே வறுத்துத் துன்னுகினு கீற. மாத்திரையையும் நீயே முழுங்கு நைனா."

"இனிமே ஞாயித்துக்கெழம மட்டும் துன்றேன்மா."

"அப்ப ஞாயித்துக்கெழம எனக்கும் மாத்திரை வாணாம்."

வியாபாரி நான், பேரத்தில் அவள்தான் ஜெயித்தாள். அவள் மாத்திரை விழுங்கும் காலம் வரை நான் இறாலை வாயில் வைக்கக்கூடாது. மாத்திரை ஆயுசுக்கும்.