பிணமாக நடித்தேன்

அன்புள்ள செண்பகத்துக்கு,

கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். எழுபத்து நான்கு வயதில் பழகியது. ஆனாலும் முழுக்க என் கையெழுத்து! உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

எனக்கு எழுத்துச் சொல்லித்தந்த, இந்த ரிச்சர்ட்சன் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் நாடகம் போட்டார்கள். லா சால் என்ற பிரெஞ்சுக்காரர் ஓர் ஆற்றின் முகத்துவாரத்தைத் தேடிக் கப்பலில் வந்து, வழி தவறி, இந்த டெக்சாஸில் இறங்கிய கதை. நான்தான் லா சால். வசனத்தை நானே படித்தேன்! கூட வந்தவர்களே என்னைச் சுட்டு, புதைக்காமல் புதரில் போட்டார்கள். அசையாமல் கிடந்தேன். ஒரே கைதட்டல்.

திரும்பும்போது காரில் நம் இளங்கோவிடம், "எனக்கு ஏதாச்சும் ஆனா ஊருக்குக் கொண்டுபோவியாப்பா?" என்றேன்.

"எதுக்குப்பா? இங்கயே எல்லாம் அரேஞ்ச் பண்ணிடலாம். அம்மா வீடியோல பாத்துக்கட்டும்."

"இன்னிக்குத்தான் சூப்பரா ரிகர்சல் பாத்துட்டீங்களே, மாமா!" என்றாள் மருமகள். எல்லோரும் சிரித்தோம்.

நம் மகள் தேன்மொழி அங்கே வந்தால், நான் ஊர் திரும்ப டிக்கெட் போடச் சொல். நான் கேட்டால், "சம்மர்ல பாக்கலாம்" என்கிறான் உன் மகன். இரண்டு சம்மர் போய்விட்டது.

அடுத்த வாரக் கடிதத்தை இன்றே தொடங்குகிறேன். என் வேகத்துக்கு அப்போதுதான் முடியும். அதற்குள் நானே வந்துவிட்டால் கையில் தருகிறேன்.

உன்
தங்கராசு