கத்தி வைக்கலாமா என்று கேட்டவன்

வேலூர்,
14-8-58, வியாழன்.

சிரஞ்சீவி பரந்தாமனுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். வீட்டில் நானும் உன் அம்மாவும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று வழக்கம்போல் ஆரம்பிக்கத்தான் பேனாவைத் திறந்தேன். சுகம் என்று எழுதக் கை கூசுகிறது. நான் பேரணாம்பட்டிலிருந்து எழுதவில்லை, வேலூர் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. உள்ளே ஏழாம் நம்பர் கட்டிலில் தனகோடி படுத்திருக்கிறான். அவனை உனக்கு நினைவிருக்கும், நம் டிஸ்பென்சரிப் பக்கம் செத்த மாடுகளுக்கெல்லாம் தோல் உரிப்பவன், நீ சின்னப் பிள்ளையில் அவன் சைக்கிளை எடுத்துப் போய் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தாயே, அவன்தான். அவனுக்கு மாட்டிலிருந்து தொற்றிய அடைப்பான் நோய். கழுத்தில் கரும்புண். அது வந்தது என்னால். இதை யாரிடமும் சுற்றி வளைத்துச் சொல்ல இனி எனக்குத் தெம்பில்லை, உன்னிடம் முதல் பாராவிலேயே சொல்லிவிட்டேன்.

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். ஜூன் மாதம் சென்னையில் கால்நடை டிபார்ட்மெண்ட் டாக்டர்களுக்குப் பதினைந்து நாள் பயிற்சி வகுப்பு வைத்தார்களே, எனக்கு வாதக் காய்ச்சல், அதனால் வரவில்லை என்று ஆபீசுக்கும் எழுதினேன், உனக்கும் எழுதினேன். காய்ச்சலும் இல்லை ஒன்றும் இல்லை. சர்க்குலரோடு பாடம் எடுப்பவர்கள் பட்டியல் வந்தது, மூன்றாவது பெயர் உன்னுடையது, பரேலி ஆராய்ச்சி நிலையம், டாக்டர் ஆ. பரந்தாமன். அந்த ஆ. நான்தானே. எனக்குச் சந்தோஷம்தான், சத்தியமாகச் சந்தோஷம்தான், போஸ்ட்மேனிடம்கூடக் காட்டினேன். ஆனால் முப்பது வருஷம் மாட்டு வயிற்றில் கையை விட்டவன், பெற்ற பிள்ளை கரும்பலகையில் எழுதுவதை நோட்டில் எழுதிக்கொண்டு பெஞ்சில் உட்காருவதா என்று ஒரு வீம்பு. உன் அம்மா அன்றைக்கே கேட்டாள், புள்ளைகிட்ட உக்காந்து கேட்டா தலை கீழ எறங்கிடுமா என்று. நீ வாயை மூடு என்று சொன்னேன். நீயோ என் காய்ச்சலை நம்பி, வகுப்பில் கொடுத்த சைக்ளோஸ்டைல் காகிதங்களை எல்லாம் கட்டி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பி, உடம்பு தேறினதும் பாருங்கள் அப்பா என்று எழுதினாய். அந்தக் கட்டின் சணல் முடிச்சைக்கூட நான் அவிழ்க்கவில்லை. மருந்து அலமாரியின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது, அதற்கடியில் முட்டுக் கொடுத்துவிட்டேன். நல்ல டாக்டர், நல்ல அப்பா!

போன வாரம் செவ்வாய்க்கிழமை செங்கல்வராயன் என்று ஒரு குடியானவர், ஜோடி மாட்டில் ஒன்று தீனி எடுக்கவில்லை என்று வண்டி வைத்து அழைத்துப் போனார். காய்ச்சல், தொண்டையில் கொஞ்சம் வீக்கம், வயிறும் உப்பியிருந்தது. உப்புசம் என்று டர்ப்பன்டைனும் எண்ணெயும் கலந்து புகட்டிவிட்டு வந்தேன். புதன்கிழமை காலை போனால் மாடு காலை நீட்டிக் கிடக்கிறது. தனகோடி எனக்கு முன்னாலேயே வந்து நிற்கிறான். இந்த ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், உடம்பு விறைத்தால் தோல் சரியாக வராது, மாட்டைப் பறிகொடுத்தவனுக்குத் தோல் ஒன்றுதான் மிச்சம், எல்லோரும் அவசரப்படுவார்கள். ஆனால் தனகோடி ஒருவன்தான், இருபது வருஷமாக, நான் இருந்தால் என்னைக் கேட்காமல் கத்தியை எடுக்க மாட்டான். நான் போகாத இடத்திலும் ஆள் அனுப்பிக் கேட்பான். அன்றும் கேட்டான். கத்தி வெக்கலாங்களா அய்யா என்றான். நான் மூக்கைப் பார்த்தேன், வாலைத் தூக்கிப் பார்த்தேன், ரத்தம் இல்லை. ரத்தம் வந்தால் அடைப்பான், வராவிட்டால் இல்லை, நான் படித்த காலத்துப் பாடம் என் மண்டையில் அப்படித்தான் பதிந்து கிடந்தது. மைக்ராஸ்கோப் டிஸ்பென்சரியில், லென்சில் பூஞ்சை பிடித்து, பெட்டிக்குள். உன் அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி மாற்ற ஒன்பது மணி பஸ்ஸில் ஆம்பூர் போக வேண்டும், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வை என்று சொன்னேன். அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை பரந்தாமா. உப்புசத்தால் செத்தது என்று சீட்டும் எழுதிக் கொடுத்தேன். மாமிசத்தை எடுக்காமல் ஆழமாகப் புதைக்கச் சொன்னேன், நோயில் செத்த எதையும் அப்படித்தான் சொல்வேன், அந்த ஒன்றுதான் அன்று என் வாயிலிருந்து சரியாக வந்தது. தனகோடி தோலை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு மக்பூல் அகமது பாயின் தோல் ஷாப்புக்கு நடந்து போனான். அந்தத் தோள் பக்கம், கழுத்தில்தான் இப்போது புண்.

சனிக்கிழமை கொசு கடித்த மாதிரி ஒரு கொப்புளமாம். திங்கட்கிழமை கழுத்து வீங்கி அவன் மனைவி கங்கம்மாள் இங்கே கொண்டு வந்து சேர்த்திருக்கிறாள். மாடு, தோல் ஏதாவது தொட்டாயா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். இவன் என்ன சொன்னான் தெரியுமா, இல்லீங்க, முள்ளு குத்திச்சி என்று சொல்லியிருக்கிறான். சீட்டில் என் கையெழுத்து இருக்கிறது, வாயைத் திறந்தால் எனக்குப் பேஜாராகும் என்று. கீறிவிட்டால் சரியாகும் என்று டாக்டர் சொன்னதற்கு ஒப்புக்கொள்ளவும் இல்லை. செவ்வாய்க்கிழமை கங்கம்மாள் நம் வாசலில் வந்து நின்று அழுகிறாள். கருப்பா இருக்குதுங்க அய்யா, தொட்டா வலியே இல்லன்றாரு, கழுத்து மட்டும் வீங்கினே போவுது, டாக்டரு கத்தி வெக்கணும்ன்றாரு, இது எங்க டாக்டரய்யா வந்து சொன்னாத்தான் கத்தி வெக்க உடுவேன்னு அடம் புடிக்கிதுங்க, நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க என்கிறாள்.

கருப்பு, வலி இல்லை. அந்த இரண்டு வார்த்தையில் எனக்கு அவன் தோளில் போட்ட தோல் ஞாபகம் வந்தது. உள்ளே ஓடி அலமாரிக் காலுக்கடியிலிருந்து உன் கட்டை உருவினேன், அலமாரி சாய்ந்து இரண்டு பாட்டில் உடைந்தது. நாலாம் பக்கம். மூக்கில் ரத்தம் இல்லை என்பதை நம்பாதே, தொண்டை வீக்கத்தோடும் இந்த நோய் வரும், திடீரென்று செத்த எந்த மாட்டுக்கும் முதலில் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார், பார்க்கும்வரை கத்தி கூடாது. அதற்குக் கீழே மனிதர்களுக்கு வரும் கரும்புண், அதைக் கீறவே கூடாது, பென்சிலின் என்று இருக்கிறது. இதெல்லாம் இங்கிலீஷில் டைப் அடித்தது. ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் உன் கையெழுத்தில் தமிழில், அப்பா, இந்தப் பக்கத்தை உங்கள் ஊரை நினைத்துத்தான் எழுதினேன் என்று. பாவி நான். இரண்டு மாதம் அது அலமாரியைத் தாங்கிக்கொண்டு கிடந்தது.

அடுத்த பஸ்ஸிலேயே கங்கம்மாளோடு இங்கே வந்தேன். வார்டில் அத்தனை பேர் முன்னால் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மாடு, தோல், என் சீட்டு, உன் நாலாம் பக்கம். சின்ன வயசுக்காரர், உன்னைவிட இரண்டு வயது குறைவாகத்தான் இருப்பார். கோபித்துக்கொள்ளவில்லை, காகிதத்தை வாங்கி நின்றபடியே படித்து, புண்ணிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு உடனே பென்சிலின் ஆரம்பித்தார். கத்தி வைக்கிற பேச்சை விட்டார். பரிசோதனையிலும் அதுவேதான் என்று வந்துவிட்டது. நான் கட்டிலருகே போனதும் தனகோடி, வீங்கின கழுத்தைத் திருப்ப முடியாமல், கத்தி வெக்கலாங்களா அய்யா என்று அதே கேள்வியைக் கேட்டான். வேண்டாம்டா என்றேன். சரிங்க என்று கண்ணை மூடிக்கொண்டான். என்னை நம்பினதால்தான் புண் வந்தது, என்னை நம்பினதால்தான் கத்தி படாமல் தப்பியது. இந்த நம்பிக்கையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன், சொல்.

நேற்று, புதன்கிழமை, அவனுக்குக் கொஞ்சம் நினைவு தெளிந்தபோது கேட்டான், செங்கல்வராயன் வூட்டு இன்னொரு மாடு எப்டி இருக்குதுங்க என்று. எனக்கு அது தோன்றவே இல்லை! மாட்டு டாக்டர் நான், சாகக் கிடக்கிறவன் ஞாபகப்படுத்துகிறான். உடனே ஊருக்கு ஓடினேன். நல்லவேளை அந்த மாட்டுக்குக் காய்ச்சல் இல்லை, தனியாகக் கட்டச் சொல்லி, மற்ற மாடுகளுக்குத் தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்து, செத்த இடத்து மண்ணைச் சுண்ணாம்பு போட்டு மூட வைத்தேன். அங்கிருந்து மக்பூல் பாயிடம் போனேன். தோல் இன்னும் உப்பில்தான் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் மனிதர் அது இருந்த தோல் அடுக்கு முழுவதையும் எரிக்கச் சொல்லிவிட்டார், அதைத் தூக்கின இரண்டு ஆட்களையும் தன் வண்டியிலேயே இங்கே அனுப்பினார், அவர்களுக்கு இதுவரை ஒன்றுமில்லை. நான் கிளம்பும்போது மட்டும், சீட்டுல உங்க கையெழுத்து இருந்திச்சே டாக்டர் சாப், அதனாலதான் நான் ஒரு வார்த்தையும் கேக்கல என்றார். திட்டியிருந்தால் தேவலை. ஜில்லா ஆபீசுக்கு நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டுவிட்டேன். ரிடையராக இரண்டு வருஷம் இருக்கிறது, என்ன செய்வார்களோ செய்யட்டும். உன் அம்மா எழுதாதே என்று தடுக்கவில்லை, அதுவே எனக்குப் போதும்.

பென்சிலின் ஆரம்பித்து இன்று இரண்டாம் நாள் முடிகிறது. காய்ச்சல் கம்மி, ஆனால் வீக்கம் நெஞ்சு வரை இறங்கியிருக்கிறது, மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் வராந்தா வரைக்கும் கேட்கிறது. இன்னும் இரண்டு நாள் தாண்ட வேண்டும் என்கிறார் டாக்டர். கங்கம்மாள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்கும் சேர்த்துக் காப்பி வாங்கி வருகிறாள். பரந்தாமா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று அப்பன் எழுதக் கூடாது, எழுதுகிறேன். இந்தக் கடிதம் வர நாளாகும் என்று காலையில் உனக்குத் தந்தியும் கொடுத்திருக்கிறேன். அங்கே இதற்குச் சீரம் ஏதாவது இருக்கிறதா, ஜூன் வகுப்புக்குப் பிறகு எந்தப் புத்தகத்திலாவது புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா, உன் பெரியவர்களைக் கேள், ஒரு வரி இருந்தாலும் இந்த ஆஸ்பத்திரிக்கே தந்தி அடி. பழசு எல்லாம் எனக்குத் தெரியும், அதை வைத்துக்கொண்டுதான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

நீ ஆராய்ச்சிச் சாலையில் இதே கிருமியைத்தான் கையாளுகிறாய் என்று எழுதியிருந்தாய். கையுறை இல்லாமல் தொடாதே, அவசரம் என்று எவன் சொன்னாலும் கடிகாரத்தைப் பார்க்காதே. வேளைக்குச் சாப்பிடு. அம்மா புதுக் கண்ணாடியில் உன் போட்டோவைப் பார்த்துவிட்டு இளைத்துவிட்டாய் என்கிறாள்.

டிசம்பரில் மறுபடியும் வகுப்பு உண்டாம். என்னை வேலையில் வைத்திருந்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி, அனுமதி கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். முன் பெஞ்சில் உட்காருவேன். ஆஜர் எடுக்கும்போது அப்பா என்று தயங்காமல் பெயரைச் சொல்லிக் கூப்பிடு, எழுந்து நின்று பதில் சொல்கிறேன். நாலாம் பக்கத்துக்கு வரும்போது வட ஆற்காட்டில் ஒரு டாக்டர் என்று மூடி மறைத்துச் சொல்லாதே. பேரணாம்பட்டு ஆதிகேசவன், என் தகப்பனார், இதோ உட்கார்ந்திருக்கிறார் என்று சொல். தனகோடி பிழைத்தாலும், வேறு விதமாக ஆனாலும், அவன் பெயரையும் சொல். அவன் கேட்டான் என்று சொல்.

தெய்வம் உனக்கு நீண்ட ஆயுளும் நிதானமும் கொடுக்கட்டும். தந்தியை மறக்காதே, ஏழாம் நம்பர் கட்டில்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அப்பா,
ஆதிகேசவன்.