ஆமென் சொல்லாதவர்

பாகூர்
19.1.1981

என் பிரியமுள்ள சுலோ,

கர்த்தருடைய தயவால் நீயும் நாகராஜன் அண்ணனும் அந்தக் குளிரில் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. பத்தாம் வகுப்புக்கு வரலாறு நடத்திவிட்டு வந்து எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் அட்டையில் இரண்டே வரிதான் எழுதியிருந்தாய். கல்லூரி விடுதியில் வார்டன் அம்மா வந்து அதட்டினாலும் வாயை மூடாதவளா இவள் என்று நினைத்துக்கொண்டேன்.

இவருக்குப் புற்றுநோய் ஈரல் முழுக்கப் பரவிவிட்டதாம். கோரிமேட்டு ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வூட்டுல வெச்சுப் பாத்துக்கோங்க டீச்சர்" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது இவர், "அமிர்தம், கண்ணை மூடறதுக்குள்ள ஒரு தடவை திருவிருந்து எடுக்கணும்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் அண்ணனிடம் எடுத்துச் சொல்ல உனக்கு வசதியாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன். குருவிநத்தம், கரையாம்புத்தூர் ஜெபவீடுகளை மூட அங்கே கோபன்ஹேகனில் மூப்பர்கள் முடிவெடுத்தபோது இவரும் இந்தியாவின் மூப்பராக அந்த அறையில் இருந்தார். வாய் திறக்கவில்லை. நம் ஐக்கியத்தில் கை தூக்கி எண்ணுகிற வழக்கம் இல்லை. முழங்காலில் நின்று ஜெபித்து எழும்போது மறுப்புச் சொல்லாதவர்கள் எல்லாரும் ஆமென் சொன்னதாகவே கணக்கு. ஊர் திரும்பி, பூட்டின கதவுக்கு முன்னால் நின்ற ஜனங்களைப் பார்த்ததும் இவருக்குத் தாங்கவில்லை. "இதுக்கு நான் ஆமென் சொல்லலை" என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். அறைக்குள் ஒருமனப்பட்டதை வெளியே வந்து மறுத்தார் என்று மூப்பர் பொறுப்பைப் பறித்தார்கள், ஆராதனையில் தட்டில் வரும் திருவிருந்து ரொட்டியையும் இவருக்கு நிறுத்தினார்கள். மூன்று வருடமாகப் பின்வரிசையில் உட்காருகிறார்.

ஈஸ்டர் கழித்து அங்கே கோபன்ஹேகனில் மூப்பர்கள் கூடுவார்கள். இவருடைய காரியத்தை அங்கே எடுக்க இந்தியாவின் மூப்பருக்கு மட்டும்தான் உரிமை. இப்போது அது உன் வீட்டுக்காரர். நான் வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

உன் அமிர்தம்


கோபன்ஹேகன்
6.2.1981

என் தங்க அமிர்தம்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் வைத்ததைத் தீய விட்டேன். சூசைநாதன் அண்ணனுக்கா இப்படி? இங்கே மத்தியானம் போனால் இருட்டு. வெள்ளைக்காரச் சகோதரிகள் பாசமாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் "ஏண்டி ஒரு மாதிரியா இருக்கே" என்று கேட்க ஆளில்லை.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். "சூசைநாதன் அண்ணன்தான் பாகூர் ஏரியில என்னை முழுக வெச்சு ஞானஸ்நானம் கொடுத்தார், சுலோ" என்றார். அதன் பிறகு இவர் சாப்பிடவில்லை. காரியத்தை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணன் இரண்டு வரி மட்டும் எழுதித் தரட்டும் என்கிறார். தீர்மானம் சரியானதுதான், நான் தவறிப் பேசிவிட்டேன் என்று இருந்தால் போதுமாம்.

தைரியமாயிரு. நான் இருக்கிறேன்.

உன் சுலோ


பாகூர்
1.3.1981

பிரியமுள்ள சுலோ,

இதோடு இவர் எழுதின கடிதம் இருக்கிறது. தலையணையில் சாய்ந்துகொண்டு, நடுவில் படுத்து எழுந்து, எழுதி முடித்தார். அறையில் பேச வேண்டியதை வெளியே பேசினது என் தவறு, மன்னிக்கவும் என்று எழுதியிருக்கிறார். தீர்மானம் சரியானது என்று எழுதவில்லை. "எழுதுங்களேன், யாருக்கு என்ன போச்சு?" என்று கேட்டேன். "ஆண்டவர் முன்னாடி உக்காரப்போறேன். பொய் சொல்லிட்டா உக்காருவேன்?" என்றார். நான் உறை எடுத்து வந்தேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆதிலட்சுமி வீட்டுக்கு வந்தாள். குருவிநத்தம் ஜெபவீட்டை மூடின பிறகு அங்கிருந்து வெயிலில் நடந்து இங்கே ஆராதனைக்கு வருகிறவள்; பிரசங்கம் பண்ணுகிறவர்களை ஐயர் என்றுதான் கூப்பிடுவாள். முந்தானையில் ரொட்டி முடிந்து வைத்திருந்தாள்.

"ஐயரே, வாயைத் திற. நாங்க குடுக்கறோம்."

இவர் சிரித்தார். "நீயே மூப்பராயிட்டியா?"

"ஆயிக்கறேன். இன்னா இப்போ? ஏசுசாமி வெள்ளைக்காரன் வூட்டுல சீட்டு வாங்கிக்கினுதான் ஒன் வாய்க்கு வரணுமா?"

"அந்த விதியை வெச்சவங்கள்ல நானும் ஒருத்தன், ஆதிலட்சுமி. அதைக் காட்டி எத்தினி பேரைப் பின்னாடி உக்கார வெச்சிருக்கேன். எனக்கு மட்டும் சந்துல வழி வேணாம்."

"நல்லா கட்டின ஐயரே கோட்டை. நீயே உள்ள மாட்டிக்கின" என்று திட்டிவிட்டு, வெளியே போய் அழுதாள்.

காலில் வீக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது. அண்ணனிடம் சொல்.

அமிர்தம்


கோபன்ஹேகன்
4.5.1981

என் அமிர்தம்,

கூட்டம் நல்லபடியாக முடிந்தது. உனக்கு எழுதத்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் சமைத்து என் இடுப்பே போயிற்று. அண்ணனுடைய கடிதத்தை இவர் வைத்தார். மூப்பர்கள் எல்லாரும் மனமுருகிக் கேட்டார்களாம். ஒருமனம் உண்டாக இன்னும் ஜெபிக்க வேண்டும் என்று முடித்திருக்கிறார்கள். நல்ல பதிலாகத்தான் வரும். காத்திருக்கச் சொல். அண்ணனுக்குப் பார்லிக் கஞ்சி கொடு, வீக்கம் வடியும்.

உன் சுலோ


பாகூர்
11.6.1981

சுலோ,

உன் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். அந்த வாரம் எழுந்து சவரம் பண்ணிக்கொண்டார். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் என்னை முந்திக்கொண்டு கதவைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் வைப்பார்கள். திருவிருந்துத் தட்டு வந்தால் வாங்கிப் பக்கத்தில் கொடுத்துவிடுவார்.

போன வாரம் டென்மார்க் மூப்பர் ஹென்ரிக் சென்னையிலிருந்து காரில் வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சூசைநாதன், நீ ஏன் எங்களுக்கு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை? ஒவ்வொரு வருடமும் எதிர்பார்த்தோமே" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அந்தக் கடிதத்தை நாகராஜன் அண்ணன் கூட்டத்தில் வைக்கவே இல்லையா சுலோ?

ஹென்ரிக் ஐயாவின் காலில் விழாத குறையாகக் கேட்டேன், "நீங்களும் மூப்பர்தானே, உங்கள் கையால் கொடுங்கள்" என்று. கிழவர் அழுதார். தனியாகத் தனக்கு அதிகாரமில்லை என்றார். நல்ல மனிதர். அழுதுகொண்டே போய்க் காரில் ஏறினார்.

கார் போன பிறகு இவர் தலையணையில் சாய்ந்துகொண்டார். "நாகராஜனைக் கோவிச்சுக்காதே" என்றார் பிறகு. அதற்கப்புறம் தபால்காரர் மணிக்கு இவர் தலையைத் திருப்புவதில்லை.

அமிர்தம்


கோபன்ஹேகன்
27.6.1981

அமிர்தம்,

வைக்கவில்லை. கூட்டத்தின் கடைசி நாள் காலையில் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் அப்படியே திரும்பக் கொண்டுவந்தார். கேட்டதற்கு, "அண்ணனை உள்ளே எடுத்தா, அப்போ மூடினது தப்பான்னு கேப்பாங்க. மூடலாம்னு முதல்ல எழுதினதே நான்தானே" என்றார். அவர் அப்போது மூப்பர்கூட இல்லை, வெறும் காரியதரிசி. அந்த யோசனையால்தான் மூப்பரானார், இங்கே வந்தோம்.

உனக்கு நான் எழுதினது பொய். ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதினேன். இல்லை, அதுவும் பொய். உண்மையை எழுதினால் நீ என்னை விட்டுவிடுவாய் என்று பயந்தேன்.

இவரை உட்கார வைத்து ஒவ்வொரு மூப்பருக்கும் எழுத வைத்திருக்கிறேன். யாரும் மறுக்க மாட்டார்கள். பதில்கள் வரும்வரை அண்ணனை எப்படியாவது பார்த்துக்கொள். என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் போடு.

சுலோ


பாகூர்
20.7.1981

சுலோசனாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது இவரை அடக்கம் பண்ணிவிட்டு வந்து வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தோம்.

கடைசி ஞாயிறு இவரால் எழுந்திருக்க முடியவில்லை. ஜெபவீட்டில் பாடுவது இங்கே கேட்டது. நான் ஒரு துண்டு ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா?" என்று கேட்டேன். ரொட்டியைப் பார்த்தார். "நீ குடுத்தா அது சாப்பாடு, அமிர்தம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு வலிக்கக் கூடாதே என்று வாயைத் திறந்தார். விழுங்க முடியாமல் ஓரத்தில் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

அடக்கத்தன்று புதிய ஐயருக்கு என்ன ஜெபம் சொல்லலாம் என்று சென்னை அலுவலகத்திலிருந்து உத்தரவு வரவில்லை. பாவம், சின்ன வயசு, ஓரமாக நின்றார். ஆதிலட்சுமி பாட்டை எடுத்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். மறுநாள் அந்த அலுவலகத்திலிருந்து தந்தி வந்தது. மூப்பர்கள் எல்லாரும் என் துக்கத்தில் ஒருமனமாக இருக்கிறார்களாம்.

நாகராஜன் அண்ணனுக்குப் பதில்கள் வந்தால் எனக்கு அனுப்ப வேண்டாம்.

உன்னைத் திட்டச் சொல்லியிருந்தாய். கோபம் வந்திருந்தால் நன்றாயிருக்கும். உட்கார்ந்து தேடிப் பார்த்தேன், வரவில்லை. விடுதியில் நாம் சேர்ந்து ஜெபித்த நாட்களையும் நினைத்துப் பார்த்தேன். யாரோ இரண்டு பெண்கள் மாதிரி இருக்கிறது.

நேற்று ஆராதனைக்குப் போனேன். எனக்கு எந்தத் தடையும் யாரும் போடவில்லை, முன்வரிசையில்தான் உட்கார்ந்தேன். தட்டு வந்தது. பக்கத்தில் கொடுத்துவிட்டேன்.

"இன்னா டீச்சரம்மா, எடுத்துக்கலயா?" என்று ஆதிலட்சுமி காதோடு கேட்டாள்.

நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். அவள் எடுத்துக்கொண்டு தட்டை அப்பால் தள்ளினாள். பாட்டு ஆரம்பித்தது. எல்லாரும் எழுந்தார்கள். நானும் எழுந்து நின்றேன், பாடவில்லை.

இனி எழுத வேண்டாம்.

அமிர்தம் சூசைநாதன்