நாம் பாதியில் எழுந்து வந்த படம்

இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில், செனாய் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் இரண்டு பெண்கள் கைப்பேசியைச் சாப்பாட்டு டப்பாவில் சாய்த்து வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடக் காதல், நடுவில் அந்தப் பெண்ணுக்குப் புற்றுநோய். இசையைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, நாம் பார்த்த அதே படம். அவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னக்கா, மனசே இல்லையா உங்களுக்கு?" என்றாள் ஒருத்தி. எல்லாம் உன்னால்தான்டா.

அப்போது நாம் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம். திடீரென்று ஒரு நாள் நீ மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வகுப்புக்கு வந்தாய். மாரியம்மனுக்கு நேர்த்திக்கடன் என்றாய். உங்கள் தாமானில் குடியிருந்த அத்தனை பேரும் நம்பினார்கள். என் அம்மாகூட, "பரீட்சைக்கு வேண்டிக்கிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டு, என்னையும் வேண்டிக்கொள்ளச் சொன்னார். நானோ உன் தலையைத் தடவித் தடவிக் கேலி செய்துகொண்டிருந்தேன்.

அந்த மாதம்தான் குளுவாங்கிலிருந்து பஸ் பிடித்துத் தெப்ராவு பேரங்காடிக்குப் படம் பார்க்கப் போனோம். திரையில் அந்தப் பெண் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தாள். உதட்டுச் சாயம் கலையவில்லை, கூந்தல் தலையணை முழுக்கப் பரவிக் கிடந்தது. நீ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாய்.

"கதை விடுறானுங்க லா. இந்த மருந்துக்கு முடியெல்லாம் கொட்டும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குக் கொட்டுச்சே. அது நேர்த்திக்கடன் இல்ல. யாரும் எதுவும் கேக்கக் கூடாதுன்னு அம்மாதான் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க."

நான் உன் கையைப் பிடித்தேன். அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் கழித்து, "வா போலாம், பசிக்குது. முடிவு எப்படியும் அழுவாச்சிதான்," என்று எழுந்தாய். கீழே வந்து ரொட்டி சானாய் வாங்கினோம். இரண்டு வாய்க்கு மேல் உனக்கு இறங்கவில்லை.

படத்தில் அந்த இருவருக்கும் தனிமை தாராளமாகக் கிடைத்தது. நமக்கு ஏது? நீ படுக்கையில் விழுந்த பிறகு, உன் கட்டிலைச் சுற்றி எப்போதும் ஒரு சித்தி, ஒரு மாமா, விபூதியோடு யாராவது ஒருவர். உன் வாயெல்லாம் புண். எரிச்சலில் கஞ்சிக் கிண்ணத்தை என்மேல் தள்ளிவிட்ட நாளும் உண்டு. ஒரு சாயங்காலம் உன் அம்மா மட்டும் இருந்தார். என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். மேசையிலிருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு, "தண்ணி பிடிச்சிட்டு வர்றேன்மா," என்று வெளியே போனார். பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது.

"அலமாக், அம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு," என்று சிரித்தாய். நான் குனிந்து உன் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். மருந்து வாடை அடித்தது. இது போதும் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. கல்யாணம் பண்ணி, சண்டை போட்டு, கிழவனும் கிழவியும் ஆகும் வரை நீ வேண்டும் என்றுதான் தோன்றியது.

நீ போன அன்று உங்கள் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். நான் பள்ளித் தோழிகளோடு கடைசியில் நின்றேன். மனைவி என்றால் தலைமாட்டில் உட்காரலாம், தங்கை என்றால் கதறலாம். நான் யாரென்று சொல்லிக்கொண்டு உன் அருகில் வருவது? சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டார்கள். முடிந்தது என்று நினைத்தபோது, உன் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"யாரும்மா இது?" என்றார் ஒரு பெரியவர்.

"எங்க பொண்ணு. அவளும் போடணும்."

என் உள்ளங்கையில் அரிசியை வைத்து, விரல்களை அவரே மூடிவிட்டார்.

இப்போதும் லீவு கிடைத்தால் குளுவாங் போகிறேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லி நச்சரிப்பவர் உன் அம்மாதான். உன்னிடம் மறைப்பானேன், ஒருவரைப் பிடித்திருக்கிறது. அவரிடம் உன்னைப் பற்றி எல்லாம் சொன்னேன். குளுவாங்கில் எனக்கு இன்னொரு அம்மா இருக்கிறார், மணவறையில் என் பக்கம் அவரும் நிற்பார் என்றேன். அதற்கு அவர் சரி என்ற பிறகுதான், கல்யாணத்துக்கு நானும் சரி என்றேன்.