பின்தெருவில் பாரியின் முறை

விருத்தாசலம்
12.8.93

அன்பு சிந்தாமணிக்கு,

ஊருல காலரா இன்னும் அடங்கலை. நீ உங்கம்மா வூட்டுலயே இரு, அவசரப்பட்டு ஸ்ரீமுஷ்ணத்துல பஸ்ஸு ஏறிடாத. தண்ணியக் காய்ச்சித்தான் குடிக்கிறேன்.

கூட்டம் கூடக் கூடாதுன்னு கிரவுண்டைப் பூட்டி பதினஞ்சு நாளாவுது. கபடிக்குக் கோடு போட கம்பெனியிலேர்ந்து எடுத்தாந்த பீங்கான் மாவு மூலையில கிடக்குது. ஓடாம உடம்பு கனக்குது. யாரு பேசினாலும் எரிஞ்சு விழுறேன்.

அதனால டீமுல ஒரு ஏற்பாடு பண்ணோம். காலையில ஆறு மணிக்கு அவனவன் வூட்டு வாசல்ல நின்னு, மூச்சு விடாம 'கபடி கபடி'ன்னு பாடணும். ஒருத்தன் முடிச்சதும் அடுத்தவன் எடுக்கணும்.

உன் தம்பி பாரியப் பத்தி ஏன் எழுதலைன்னு கேட்டிருந்த. எனக்கு அடுத்து பின்தெருவுலேர்ந்து பாடுறவன் அவன்தான். அவன் காலரா வந்து ஆஸ்பத்திரியில கிடந்த ஆறு நாளும் அவன் முறையை யாரும் எடுக்கலை. அவன் பாடுற நேரம் வரைக்கும் சும்மா நின்னுட்டுத்தான் அடுத்தவன் ஆரம்பிச்சான்.

நேத்து வூட்டுக்கு வந்துட்டான். இன்னைக்குக் காலையில பாடினான். நாலாவது 'கபடி'யிலயே மூச்சு விட்டுட்டான். ஆட்டத்துல அது அவுட்டு. கேப்டன் நான்தான் சொல்லணும்.

சொல்ல வாய் வரலை, சிந்தாமணி.

இப்படிக்கு,
உன் வூட்டுக்காரன்