நாட்டுக்கு ஒரு முகம்

பெல்கிரேட், 6 ஏப்ரல் 1993
குளிர் இன்னும் விடவில்லை. பண நோட்டு அச்சகத்தில் நான் வரையப்போகும் புதிய தினார் நோட்டுக்கு ஓர் இளைஞன் முகம் வேண்டுமாம். பெயர் கூடாது, ஆனால் பார்த்ததும் இந்த மண்ணின் பிள்ளை என்று தெரிய வேண்டுமாம். மேலாளர் ஸ்வெத்தோசர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "ஸ்தமேனா, உங்க மகன் நெனாத் முகத்தையே வரைஞ்சா என்ன? போர்ல போன பிள்ளை. கௌரவம்தானே."
யோசிக்கிறேன் என்றேன். எதையும் யோசிக்கவில்லை.

7 ஏப்ரல்
என் கணவர் இலியாவிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார். "வரை. கல்லறைக்கு நாம ரெண்டு பேர்தான் போறோம். நாடே அவனப் பாக்கட்டும்."
சரி.

20 ஏப்ரல்
வரைந்தாயிற்று. புருவத்துத் தழும்பையும் போட்டேன் — சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது. கோடு தடையில்லாமல் வந்தது. அப்படி வந்திருக்கலாமா?

4 மே
நோட்டுப் படத்துக்கு ஒப்புதல் தரும் குழு பார்த்தது. தழும்பு வேண்டாமாம். உதட்டோரம் கொஞ்சம் நம்பிக்கை தெரிய வேண்டுமாம். "இது குறிப்பா ஒருத்தன் மாதிரி இருக்கு" என்றார் ஒருவர், மரியாதையாகத்தான். குறிப்பாக ஒருத்தன்தானே. தலையாட்டிவிட்டு வரைந்த தாளைச் சுருட்டினேன்.

11 மே
தழும்பை எடுத்தேன். அதோடு நிறுத்த முடியவில்லை. மூக்கை அகலமாக்கினேன். காதை இறக்கினேன். கண்களைத் தள்ளி வைத்தேன். சாயங்காலத்துக்குள் அவன் போய்விட்டான். வேறு எவனோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

12 மே
ஸ்வெத்தோசர்: "இப்பதான் நாடு மாதிரி இருக்கான்."

15 ஜூன்
அச்சுக்கான எஃகுத் தகட்டில் முகத்தை வெட்டத் தொடங்கிவிட்டேன். தாளில் நேராக விழ, எல்லாம் இடவலம் மாறி. கன்னத்துக்குக் கோடுகள், நிழலுக்குப் புள்ளிகள். ஒரு கோடு ஆழமாகிவிட்டால் அழிக்க முடியாது. உளி நன்றாக ஓடுகிறது. இவ்வளவு நன்றாக நான் வெட்டியதே இல்லை. சந்தோஷமா? இல்லை. வருத்தமும் இல்லை.

2 செப்டம்பர்
முதல் அச்சை இலியாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"யாரு இவன்? என் பிள்ளை எங்க?"
"எடுத்துட்டேன்."
"மண்ணுல போட்டது போதலையா உனக்கு?"
அச்சை உறையில் வைத்தேன். அவர் நெனாத் அறையில் போய்ப் படுத்துவிட்டார்.

30 அக்டோபர்
இலியா இன்னும் நெனாத் அறையில்தான் படுக்கிறார். சாப்பாட்டுத் தட்டையும் அங்கேயே எடுத்துப்போகிறார்.

8 டிசம்பர்
நோட்டு வெளிவந்தது. காலையில் அந்த ஒரு நோட்டுக்கு ரொட்டி கிடைத்தது. மாலைக்குள் விலை ஏறி, அதே நோட்டுக்குத் தீப்பெட்டிகூட இல்லை.

11 ஜனவரி 1994
இலியா பனியோடு உள்ளே வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
"டிராமுல உன் நோட்டு கீழ முழுக்கக் கெடக்கு. யாரும் குனிஞ்சு எடுக்கல. பூட்ஸோட மிதிச்சிட்டு ஏறுறாங்க, எறங்குறாங்க."
அடுப்பில் ஒரு விறகைப் போட்டேன்.
"அது நம்ம நெனாத் இல்லையே?"
"இல்ல."
"ஒரு சாயல்கூட?"
"ஒரு சாயல்கூட இல்ல."
நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்தார். முட்டைக்கோஸ் சூப் ஆறிப்போயிருந்தது. மறுபடி சூடு பண்ணினேன்.